காலை 11 மணிக்கு வராத பெற்றோர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடம் மாறும் பிள்ளைகளுக்கான வாழ்க்கைத் திறன் பயிற்சி பற்றிய உங்கள் கட்டுரையில், 'பெற்றோருக்கு அக்கறை இல்லாததால் பயிற்சி பலன் தருவதில்லை' என்று ஒரு வரி வந்திருக்கிறது. அந்தப் பெற்றோரில் நானும் ஒருத்தி.

என் மகன் 14 வயதில் பள்ளிக்குப் போக மறுத்தான். பிறகு சிகரெட், பிறகு வீட்டுப் பணத்தில் கைவைத்தான். அவனைச் சேர்த்த பயிற்சியில் பெற்றோர் கூட்டம் எப்போதும் வேலை நாளில், காலை 11 மணிக்கு. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் எனக்குக் கூலி கிடையாது. இருந்தும் இரண்டு முறை போனேன். முதல் முறை கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். அடுத்த முறை கைக்குழந்தை அழுகிறது என்று வெளியே நிற்கச் சொன்னார்கள். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்பிலும் அவனுக்குச் சரியாக வாசிக்க வரவில்லை. அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியை உடைத்த அன்று மட்டும் உடனே ஆள் அனுப்பினார்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து வாழ்க்கைத் திறன்களை நீங்கள் அறிவீர்கள். அவற்றில் வரும் முடிவெடுப்பதும், கோபம் போன்ற உணர்ச்சிகளைக் கையாள்வதும் ஒரு நாள் முகாமில் வந்துவிடுமா? அவன் தந்தை குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கும் இரவில், சான்றிதழை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்வான்? 1980களில் அமெரிக்காவில் கரோல் கும்ஃபர் என்ற உளவியலாளர், போதைக்கு அடிமையான பெற்றோரின் பிள்ளைகளுக்காகவே ஒரு திட்டம் வகுத்தார். மொத்தம் 14 அமர்வுகள். முதலில் பிள்ளைகள் ஓர் அறையில், பெற்றோர் வேறோர் அறையில். பிறகு குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து பழகும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைப்பார்கள். பெற்றோர் வருவதற்கு வழி செய்த பிறகுதான் அங்கே அக்கறையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எங்களுக்கு உதவியது, இரவு எட்டு மணிக்கு வீடு தேடி வந்த ஒரு தன்னார்வலர். மகன் வாசலில் கால் வைத்ததுமே நான் கத்துவேன். அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை எதுவும் கேட்காதீர்கள் என்றார். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வாரம், எங்கே போயிருந்தான் என்று அவனாகவே சொன்னான். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு அக்கறை இல்லாமலா போயிற்று?

இனி இத்தகைய பயிற்சி பற்றிய அறிவிப்பை வெளியிடும்போது, கூட்டம் எத்தனை மணிக்கு, கைக்குழந்தையோடு வரலாமா என்ற இரண்டையும் கேட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்