மாமாவிடம் நீ கேட்டிருக்க வேண்டியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பாம்பனில் சோழகக் காற்று ஓய்ந்துவிட்டது, வாடைக் காற்றுக்குக் கடல் மாறப் பார்க்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

போனில் பேசினால் உனக்கு நடுவில் மீட்டிங் வந்துவிடும், நானும் சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். குடும்பக் குழுவில் தனுஷ்கோடிக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் கிடக்கும் ராமர் சேதுவையும், அதை வெட்டிக் கப்பல் விடத் திட்டமிட்ட கால்வாயையும் பற்றி உனக்கும் உன் மாமாவுக்கும் நடந்த வாக்குவாதத்தை முழுக்கப் படித்தேன். மாமா குழுவை விட்டு வெளியேறிய பிறகு மறுபடியும் படித்தேன். மன்னிப்புக் கேள் என்று சொல்ல நான் எழுதவில்லை. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசாதே என்றும் சொல்ல மாட்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, உனக்கு இல்லை. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. என் வருத்தம் வேறு. அன்று ராத்திரி அத்தனை நேரம் பேசியும், நம் கடற்கரைக்கு முக்கியமான கேள்வி ஒன்றை நீங்கள் இரண்டு பேரும் தொடவே இல்லை.

மாமா அனுப்பியது பழைய செய்தி. 2002-இல் நாசாவின் விண்வெளிப் படம் ஒன்றை வைத்துக் கிளம்பியது. 17 லட்சத்து 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் கட்டிய பாலம், நாசாவே உறுதி செய்துவிட்டது என்று அப்போது மின்னஞ்சலில் சுற்றியது, இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நீ மறுத்தது சரி. நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று எழுதினாயே, அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வரியில் "இது மனிதன் கட்டியதல்ல என்று நாசாவே சொல்லிவிட்டது" என்று போட்டாய். நாசாவின் படம் அதையும் நிரூபிக்கவில்லை, பாப்பா. படம் எங்களுடையது, விளக்கம் எங்களுடையதல்ல, மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து ஒரு திட்டுத் தொடரின் வயதையோ அதை மனிதர்கள் உண்டாக்கினார்களா என்பதையோ சொல்ல முடியாது என்று நாசாக்காரர்களே சொன்னார்கள். அந்தப் படம் சொல்லாத ஒன்றை மாமா ஒரு பக்கம் இழுத்தார், நீ மறுபக்கம் இழுத்தாய். மாமா நம்பிக்கையில் பேசுகிறவர். நீ அறிவியல் பெயரைச் சொல்லிப் பேசுகிறவள். அப்படிப் பேசுகிறவர்கள் அளவு தாண்டக் கூடாது.

2024-இல் இஸ்ரோ விஞ்ஞானிகள் வெளியிட்ட வரைபடத்துக்கும் இதே கதிதான். ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் அனுப்பும் லேசர் ஒளி தண்ணீருக்குள் புகுந்து திரும்புவதை வைத்துக் கடலடியை அளந்திருக்கிறார்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை 29 கிலோமீட்டர், அதில் 99.98 சதவீதம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று கண்டார்கள். அருமையான வேலை. நம் கடலைப் பற்றி இவ்வளவு துல்லியமாக ஒரு படம் வந்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதைக் குழுவில் போட்டவர் "பாலம் நிரூபணம்" என்று தலைப்பு வைத்துப் போட்டார், நீ உடனே சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டாய். மேடு எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு என்று ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை.

ராமேஸ்வரத்தில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்திருக்கும் மிதக்கும் கல்லை நினைத்துப் பார். வடநாட்டு யாத்திரிகர்கள் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்கள். அமுக்கினால் முழுகும், விட்டால் மேலே வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் உடம்பெல்லாம் ஊசித் துளை. கையில் எடுத்தால் அந்த அளவுக் கருங்கல்லின் கனம் இருக்காது. கல் மிதக்கிறது என்பது உண்மை, யாரும் போய்ப் பார்க்கலாம். ஏன் மிதக்கிறது என்பது வேறு கேள்வி, அதற்குத் துளைக்குள் அடைபட்ட காற்று பதில் சொல்லும். யார் கடலில் போட்டது என்பது மூன்றாவது கேள்வி, அதற்குத் தராசும் இல்லை, சோதனைச் சாலையும் இல்லை. மாமா மூன்றாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதிலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நீ இரண்டாவதன் பதிலைக் கொண்டு மூன்றாவதையே அழித்துவிடப் பார்த்தாய். வாட்ஸ்அப்பில் வருகிற பாதிச் செய்தியில் இந்த மூன்றும் ஒரே வரியில் ஒட்டி வருகின்றன. பிரித்து எடுத்தால்தான் எதைச் சரிபார்க்கலாம், எதை அவரவர் மனசுக்கு விட்டுவிடலாம் என்று தெரியும்.

மாமாவைச் "சங்கி" என்று எழுதினாய். அவர் பதிலுக்கு "காசுக்கு எழுதுற கும்பல்" என்றார். அவர் சொன்னதும் தப்புதான், அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன் அம்மா வீட்டார் தனுஷ்கோடிக்காரர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் வீடு, வலை, வள்ளம் எல்லாம் போய், உடுத்திய துணியோடு ராமேஸ்வரம் வந்து சேர்ந்தவர்கள். ஊரே போயும் கோதண்டராமர் கோயில் நின்றதே என்று உன் அம்மாச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய ராமர் எந்தக் கட்சி மேடையிலிருந்தும் வந்தவரில்லை. அவர் அனுப்புகிற செய்தியைத் தயாரிக்கிறவர்களுக்குக் கட்சி இருக்கலாம். அந்தச் செய்தியைக் கிழித்துப் போடு, நானும் கூட வருகிறேன். அவருடைய அம்மாவின் வாயிலிருந்து வந்ததைக் கட்சிக் கணக்கில் எழுதாதே.

இப்போது விட்டுப்போன கேள்விக்கு வருகிறேன். "நம்பிக்கை குறுக்கே வந்ததால்தான் கால்வாய் நின்றது, இல்லாவிட்டால் தூத்துக்குடி எங்கேயோ போயிருக்கும்" என்று எழுதினாய். பாதிதான் சரி.

இந்தச் சேதுசமுத்திரக் கால்வாய் யோசனை 1860-இல் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி காலத்திலிருந்தே இருக்கிறது. 2005 ஜூலை 2-ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். 167 கிலோமீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம், 2,427 கோடி ரூபாய் திட்டம். இலங்கையைச் சுற்றும் கப்பலுக்கு 30 மணி நேரம் வரை மிச்சமாகும் என்றார்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னை போகிற கப்பலுக்கு அது பொருந்தும். ஐரோப்பாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வருகிற கப்பலுக்கு அவ்வளவு மிச்சமில்லை, கால்வாய்க்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும், வழிகாட்டும் பைலட்டைக் கப்பலில் ஏற்ற வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும் என்று கப்பல் தெரிந்தவர்கள் எதிர்க்கணக்குப் போட்டார்கள். பெரிய கப்பல்கள் அந்த ஆழத்தில் வரவே முடியாது. சுனாமிக்குப் பிறகு, வெட்டிய வழியில் அலை இன்னும் வேகமாகக் கேரளக் கரைக்குப் போகுமோ என்று டாட் மூர்த்தி என்கிற சுனாமி நிபுணர் கேட்டார். திட்டத்தை ஆதரித்தவர்களும் சும்மா ஆதரிக்கவில்லை. நம் கப்பல் நம் கடல் வழியாகவே கிழக்கும் மேற்கும் போக வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நூற்றாண்டு ஆசை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அப்போது நான் மீன்வளத் துறையில் எழுத்தர். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நாட்டுப்படகுக்காரர் ஒருவர், ஒலிபெருக்கியை வாங்காமலே எழுந்து நின்று, "தோண்டுற மண்ணை எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டார். அதிகாரி வரைபடத்தைக் காட்டினார். "அங்கதான் எங்க வலை கிடக்கு" என்றார் அவர். சின்னப்பாலம் கிராமத்திலிருந்து வந்திருந்த பாசி எடுக்கும் பெண்கள், சேறு கலங்கினால் அடியில் பாசி தெரியுமா, தெரியாவிட்டால் எப்படி முங்கி எடுப்பது என்று கேட்டார்கள். மண் வாரி ஆழமாக்கிய இடம் ஒரே பருவத்தில் தூர்ந்துபோனால் யார் செலவில் மறுபடி வாருவது என்று இன்னொருவர் கேட்டார். ஒவ்வொன்றும் கணக்குப் போட்டு, அளந்து, பதில் சொல்லக்கூடிய கேள்வி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. அந்தத் தீவுக் கரையில் ஒரு சங்கைப் பொறுக்கினாலே வழக்குப் போடுகிற சட்டம் இருக்கும்போது, பக்கத்தில் கடலடியை வாரலாமா என்பதும் நியாயமான கேள்விதானே.

2007-இல் எல்லாம் திரும்பியது. ஆகஸ்டு கடைசியில், சேதுவுக்குச் சேதம் வரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில், ராமாயணப் பாத்திரங்கள் இருந்ததற்கு வரலாற்றுச் சான்றில்லை என்று தொல்லியல் துறை மனுவில் எழுதி, நாடு கொந்தளித்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. ராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று முதலமைச்சர் கருணாநிதி கேட்டார். அதற்கு அவர் தலைக்கு விலை வைத்துப் பேசினார்கள், பெங்களூரில் அவர் மகள் வீட்டைத் தாக்கினார்கள். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு நாட்டுப்படகுக்காரரின் கேள்வியை எந்தத் தொலைக்காட்சியிலும் நான் கேட்கவில்லை. ராமர் இருந்தாரா இல்லையா என்றே எல்லாரும் பேசினார்கள். 700 கோடிக்கு மேல் செலவான திட்டம் அப்படியே நின்றது. பிறகு மத்திய அரசு அமைத்த பச்சௌரி குழு மாற்று வழியை ஆராய்ந்து, பொருளாதாரத்துக்கும் சூழலுக்கும் அதுவும் ஒத்துவராது என்றது. அதைப் பற்றி ஊரில் எத்தனை பேர் பேசினார்கள்? 2023 ஜனவரியில் திட்டத்தை மறுபடி எடுக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தபோதும் குழுக்களில் அதே பழைய சண்டைதான் ஓடியது.

ராமருக்காக மாமா கால்வாய் வேண்டாம் என்கிறார். வலைக்காகச் சின்னப்பாலம் வேண்டாம் என்கிறது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள், காரணம் வேறு வேறு. நீ மாமாவிடம், "அந்த மணலை எங்கே கொட்டுவார்கள், தெரியுமா மாமா?" என்று கேட்டிருந்தால் அவர் உனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருப்பார். எந்தத் திட்டு எந்தக் காற்றில் நகரும், எது முழுகும், 2022-இல் இலங்கையிலிருந்து வந்த அகதிகளைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது எந்தத் திட்டு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாசா படத்தை விட அதிகமாக அவருக்குத் தெரிந்ததை நீ கேட்கவே இல்லை.

குழுவில் எழுதுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மாமாவின் சம்பந்தி வீட்டாரும் மருமகனும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க ஒருவர் "நான் சொன்னது தப்பு" என்று எழுதுவாரா? அவருடைய சங்குக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நீ இதையே சொல்லியிருந்தால், "அப்படியா, சரி பார்ப்போம்" என்றாவது சொல்லியிருப்பார். திருத்தம் இருந்தால் அவருக்குத் தனியாக அனுப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சந்தேகப்பட்டு ஊர் கூடி அடித்தது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அதற்கு முன் எத்தனை நாளாக "பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க" என்ற செய்தி போனுக்குப் போன் போனது! அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது. யாரையாவது அடிக்கச் சொல்கிற, ஒரு சாதியையோ மதத்தையோ பார்த்துப் பயப்படச் சொல்கிற செய்தி குழுவில் வந்தால், அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் நானாக இருந்தாலும், எல்லார் முன்னாலும் அங்கேயே உடனே மறுத்துவிடு. சேதுச் செய்தி அந்த வகை அல்ல. இரண்டுக்கும் ஒரே கோபத்தைச் செலவழிக்காதே.

நம் பக்கத்துக் குன்றக்குடி அடிகளாரை உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெரியாரின் கடவுள் மறுப்பை மேடைக்கு மேடை எதிர்த்தவர். பிறகு நேரில் சந்தித்துப் பழகியும் அவர் ஆத்திகத்தை விடவில்லை, பெரியார் நாத்திகத்தை விடவில்லை. பெரியார் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது கொடுத்த திருநீற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். தீண்டாமையும் தமிழும் இருவருக்கும் பொதுவான வேலையாக இருந்தன. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளைத் தன் கிராமத்துக்கு அழைத்து, ஊர்க்காரர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வைத்ததும் அந்த அடிகளார்தான்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நான் எடுத்த குறிப்புகளின் நகலும், அந்தக் காலத்துப் பத்திரிகைத் துண்டுகளும் இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்து வாதமும் அதில் இருக்கிறது. கால்வாய் கூடாது என்பது என் கருத்து. படித்த பிறகும் உனக்கு வேண்டும் என்றே பட்டால், ஏன் என்று எண்களோடு எனக்கு எழுது, பதில் போடுகிறேன். மாமாவைக் குழுவில் திரும்பச் சேர்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருக்குப் போன் பண்ணு. சனி, ஞாயிறில் கடையில் கூட்டம் இருக்கும், பேச முடியாது. மணல் திட்டு பற்றிக் கேள். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள், தெரிந்தவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா