அட்டைப்படங்களின் மூலப் படைப்புகளைக் குறிப்பிடுங்கள்: டிசி, மார்வெல் பதிப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். பழைய காமிக்ஸ் இதழ்களைத் தொகுத்து மறுபதிப்பாக வெளியிடும்போது, ஓர் அட்டைப்படம் எந்த ஓவியத்தையோ சிற்பத்தையோ தழுவி வரையப்பட்டதோ, அதன் பெயரையும் அதைப் படைத்தவரின் பெயரையும் ஒரு வரியில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

மார்வெல் 1982இல் தன் முதல் கிராஃபிக் நாவலாக வெளியிட்ட 'தி டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்' நூலின் அட்டையையே எடுத்துக்கொள்வோம். புற்றுநோயால் இறக்கும் நாயகனின் உடலை எலும்புக்கூடு வடிவில் வந்த மரணம் ஏந்தியிருப்பதாக ஜிம் ஸ்டார்லின் வரைந்திருக்கிறார். வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்தில் உள்ள, இறந்த இயேசுவைத் தாய் மரியாள் அமர்ந்தபடி மடியில் ஏந்தியிருக்கும் மைக்கேலாஞ்சலோவின் 'பியட்டா' சிற்பத்திலிருந்து வந்த அமைப்பு அது. அச்சிற்பத்தில் மரியாளின் வலக்கை மகனின் உடலை நேரடியாகத் தொடுவதில்லை. இடையே ஒரு துணி இருக்கிறது. அந்தத் துணிக்கு மேலாகவும் விரல்கள் அழுந்துவதால், அக்குளுக்கு அருகே சதை பிதுங்கி நிற்பது பளிங்கில் தெரிகிறது. அத்தனை பரிவுடன் தாய் ஏந்தியிருந்த இடத்தில் ஸ்டார்லின் மரணத்தையே கொண்டுவந்து வைத்தார். மூலத்தை அறியாத வாசகருக்கு இந்தத் துணிச்சலில் பாதிகூடப் போய்ச் சேராது.

பதிப்புரிமைச் சட்டப்படி இந்தக் குறிப்பு தேவையில்லை என்பதை அறிவேன். இதைத் திருட்டு என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் மார்வெலின் முன்னோடி ஓவியர் ஜாக் கிர்பியின் அட்டையைத் தழுவி வரையும் இளைய ஓவியர்கள், தம் கையொப்பத்தின் அருகே கிர்பியின் பெயரையும் எழுதும் நல்வழக்கம் உங்கள் துறையிலேயே இருக்கிறது. கிர்பிக்குக் காட்டும் மரியாதை மைக்கேலாஞ்சலோவுக்கு மட்டும் ஏன் இல்லை? பெயர் விடுபடுவதன் வலியை உங்கள் துறையைவிட அறிந்தவர் யார்? சூப்பர்மேனைப் படைத்த சீகலுக்கும் ஷஸ்டருக்கும் 1975இல்தான் பெயர் திரும்பக் கிடைத்தது. பேட்மேனின் இணைப்படைப்பாளியான பில் ஃபிங்கர் 2015 வரை காத்திருக்க நேர்ந்தது, அதற்குள் அவர் இறந்தே நாற்பதாண்டுகள் கடந்திருந்தன. டிசியின் போர்க்கதை இதழ் ஒன்றில் 1962இல் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்தைத் தழுவி, பாப் கலை ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் மறு ஆண்டே 'வாம்!' ஓவியத்தைத் தீட்டிப் பெரும்புகழ் பெற்றபோது, நோவிக்கை யார் நினைத்தார்கள் என்று காமிக்ஸ் உலகம் இன்றும் நியாயமாகவே குறைபட்டுக்கொள்கிறது.

மைக்கேலாஞ்சலோவுக்கும் இந்தக் கவலை இருந்ததாக, அவருடைய வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். 'பியட்டா'வை மிலானைச் சேர்ந்த வேறொரு சிற்பியின் படைப்பு என்று பார்வையாளர்கள் பேசியதைக் கேட்டு, அவர் இரவில் தனியே வந்து மரியாளின் மார்புப் பட்டையில் தம் பெயரைச் செதுக்கினாராம். கதை மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், பெயர் என்னவோ அங்கே இருக்கிறது, அவர் கையொப்பமிட்ட ஒரே சிற்பமும் அதுதான்.

இறந்த உடலை ஒருவர் ஏந்தி நிற்கும் அட்டைகள் எல்லாமே 'பியட்டா' ஆகிவிடா. 1985இல் வெளிவந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' ஏழாம் இதழின் அட்டையில் சூப்பர்கேர்ளை ஏந்தி அழும் சூப்பர்மேன் அமர்ந்திருக்கவில்லை, நிற்கிறார். அதை வரைந்த ஜார்ஜ் பெரெஸ் 2022இல் காலமாகிவிட்டதால், அவர் மனத்தில் எந்தப் படைப்பு இருந்தது என்று இனி அவரிடம் கேட்க இயலாது. ஆகவே ஊகங்களை அச்சிட வேண்டாம். ஓவியரே சொன்னதையும் ஐயத்திற்கு இடமின்றித் தெரிவதையும் மட்டும் குறிப்பிட்டால் போதும். புதிய அட்டைகளைப் பொறுத்தவரை, ஓவியர் படத்தை ஒப்படைக்கும்போதே மூலம் எதுவென்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். தொகுப்பு நூல்களின் கடைசிப் பக்கங்களில் அட்டைகளை மீண்டும் அச்சிடுகிறீர்களே, அவற்றின் அடியில் ஒரு வரிக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

இங்ஙனம்,
உங்கள் வாசகர்களில் ஒருவர்