அன்று சொன்னது நீ இல்லை

அன்புள்ள முரளி,

ஒன்பது மாதமாக உனக்கு எழுதவில்லை, மன்னித்துவிடு. முழங்கால் வலி குறைந்ததா? மாலதிக்கு மாற்றல் கிடைத்ததா? பதிலில் எழுது. எனக்கு ஒரு விஷயத்தை உடனே சொல்லியாக வேண்டும்.

போன வாரம் பழைய பெட்டியில் நம் கடைசி வருட நாட்குறிப்பு கிடைத்தது. பாஸ்கர் அழுதுகொண்டே எழுந்து போன இரவு நினைவிருக்கிறதா? அந்த வார்த்தையைச் சொன்னது நீ என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். நீ கதவோரம் நின்றதும் உன் குரலும் இப்போதும் எனக்குத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அன்றிரவே என் கையால் எழுதியிருக்கிறேன்: சொன்னது நான். நீ அப்போது அறையிலேயே இல்லை.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம்தான் இது. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள், செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று உல்ரிக் நைசர், நிக்கோல் ஹார்ஷ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார்கள். சுமார் இரண்டரை வருஷம் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, முக்கிய விவரம் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது மூன்றே பேர். 11 பேருக்கு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பலர் தங்களுக்கு நன்றாக நினைவிருப்பதாக உறுதியாக நம்பினார்கள். அன்று தாங்களே எழுதிக் கொடுத்ததைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. எனக்கும் திரும்பவில்லை முரளி. அந்த வரிகளைப் படிக்கும்போதும் கதவோரம் நீதான் நிற்கிறாய்.

மனம் எப்படி நினைக்கிறது, எப்படி நினைவில் வைக்கிறது என்று ஆராயும் அறிதல் உளவியலை நான் இவ்வளவு நேசிப்பது இதற்காகத்தான். நடத்தைவாதிகள் என்ற முந்தைய உளவியலாளர்கள், மனதுக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது, வெளியே தெரிவதை மட்டும் அளப்போம் என்றார்கள். அறிதல் உளவியலாளர்கள் உள்ளே நடப்பதையும் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். 1974இல் லாஃப்டஸும் பாமரும் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் சராசரி மணிக்குச் சுமார் 41 மைல், 'தொட்டபோது' என்று கேட்டால் சுமார் 32. கேள்வியின் ஒரே ஒரு சொல் பதிலை மாற்றிவிடுகிறது!

நீ அந்தக் காலத்திலேயே சண்டை போடுவாய், 'மனுஷனைக் கம்ப்யூட்டர் ஆக்கிவிட்டார்கள்' என்று. நான் ஒத்துக்கொண்டதே இல்லை. இப்போது பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். படத்தில் விபத்தைப் பார்ப்பவனுக்கு இழக்க என்ன இருக்கிறது? கனடாவில் நிஜமான துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த 13 பேரிடம் யூயில், கட்ஷால் என்ற ஆய்வாளர்கள் நாலைந்து மாதம் கழித்துப் பேசினார்கள். நினைவு பெரும்பாலும் சரியாகவே இருந்தது, திசைதிருப்பும் கேள்விகளும் எடுபடவில்லை. ஆய்வுக்கூடமும் வாழ்க்கையும் ஒன்றில்லை என்று நைசரே 1976இல் தன் துறையைக் கடிந்துகொண்டார். 1967இல் அந்தத் துறையின் பெயரையே தலைப்பாக வைத்துப் புத்தகம் எழுதியவர் அவர்.

என்னை உறுத்துவது இதுதான். நினைவு எப்படி மாறுகிறது என்று அந்தச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் என் நினைவு ஏன் சரியாக உன் பக்கமாகத் திரும்பியது? வெட்கம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தகவல் உள்ளே போகிறது, சேமிக்கப்படுகிறது, வெளியே வருகிறது என்று நான் கரும்பலகையில் போடும் கட்டங்களில் வெட்கத்துக்கு இடமே இல்லை. அடுத்த வகுப்பில் அதையும் சொல்லப்போகிறேன்.

உன்மேல் வைத்திருந்த அந்தச் சின்னக் கசப்புக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நீ எப்போதாவது அதை உணர்ந்தாயா?

அன்றிரவைப் பற்றி உனக்கு நினைவிருப்பதை எழுது. முதலில் உன்னிடம் கேட்டுவிட்டு அப்புறம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். இனி உன் நினைவில் என் வார்த்தைகளும் கலந்துவிடும். பரவாயில்லை, எழுது. பாஸ்கரின் முகவரி இருந்தால் அதையும் அனுப்பு. அவனுக்கும் ஒரு கடிதம் பாக்கி இருக்கிறது.

அன்புடன்,
சிவா