பட்டாவில் தாத்தா பெயர்; தவணை யாருக்கு வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொந்த நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகையின் தவணை விழும்போதெல்லாம் டெல்டா கிராமங்களில் ஒரே கேள்விதான்: பக்கத்து வயல்காரருக்கு 2,000 ரூபாய் ஏறிவிட்டது, எனக்கு ஏன் ஏறவில்லை? வங்கியில் கேட்டால் வேளாண்மை அலுவலகத்தைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் வி.ஏ.ஓ.வைக் காட்டுகிறார்கள். அடைப்பு எங்கே என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இந்தப் பணம் ஆதார் எண்ணைப் பிடித்து வருகிறது. ஆதாரை மூன்று வங்கிகளில் கொடுத்திருந்தாலும், கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். நகைக்கடனுக்கோ நூறு நாள் வேலைக்கோ புதுக் கணக்குத் தொடங்கியவர்கள் பழைய பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்து ஏமாறுகிறார்கள். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். இ-கேஒய்சி எனும் ஆதார்வழி அடையாளச் சரிபார்ப்பை முடிக்காவிட்டாலும் தவணை நிற்கும். கைபேசி எண் மாறி ஓடிபி வராதவர்கள் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாதவர்களுக்குச் செயலியில் முகப்பதிவு இருக்கிறது.

இவையெல்லாம் ஒரு நாளில் தீரும். தீராதது பட்டா. தாத்தா இறந்து இருபது வருடம் ஆகியும் அவர் பெயரிலேயே இருக்கும் பட்டாக்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு இந்தத் தொகை கிடையாது; ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தேதி தடையில்லை. இது தெரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுப் போட வேண்டும். அண்ணன் தம்பி எல்லோர் பெயரையும் கூட்டுப் பட்டாவில் சேர்ப்பது சுலபம். ஆனால் அதில் யாருக்கு எவ்வளவு நிலம் என்று இருக்காது. தனிப்பட்டா வேண்டுமானால் உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். மனுக்கள் தேங்குவது அங்கேதான்.

இதைவிட வருத்தமானது குத்தகைதாரர் நிலை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில், மடத்து நிலங்களைத் தலைமுறைகளாகச் சாகுபடி செய்கிறவர்கள் ஏராளம். பட்டா சுவாமி பெயரில் இருப்பதால் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்ற இத்திட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. பயிர்க் காப்பீட்டில் இடம் உண்டு. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும். அதற்கு அடங்கல், அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு, வேண்டும். 33 சதவீதமும் அதற்கு மேலும் பயிர் அழிந்தால் கிடைக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கலைத்தான் பார்க்கிறார்கள். அந்த அடங்கலில் உழுகிறவர் பெயரை எழுதாமல் பட்டாதாரர் பெயரையே எழுதிவிட்டால், முளைத்துப்போன நெல்லும் வாங்கிய கடனும் ஒருவருக்கு, நிவாரணம் இன்னொருவருக்கு என்றாகிவிடுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. வாய்மொழிக் குத்தகை இன்னும் குறையவில்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உரிமையாளர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்று குத்தகைதாரர் அஞ்சுகிறார்.

மாவட்ட ஆட்சியர்களிடம் இரண்டு கோரிக்கைகள். கிராம நிலக் கணக்குகளைச் சரிபார்க்க வருடந்தோறும் நடக்கும் ஜமாபந்தியில், இறந்தவர் பெயரில் உள்ள பட்டாக்களைக் கிராம வாரியாகப் பட்டியலெடுத்து, சர்வேயரையும் உடன் வைத்துக்கொண்டு முடித்துத் தர வேண்டும். சம்பா நடவு முடிந்ததும் வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலில் இறங்கிப் பார்த்து, சாகுபடி செய்கிறவர் பெயரை அடங்கலில் ஏற்றி, அந்தப் பட்டியலைக் காப்பீட்டுக் கெடுவுக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயிகள் சிலர்,
மன்னார்குடி வட்டம்.