விரிசல் விட்ட உத்திரங்களின் அதிர்வுப் பதிவுகள்: பொதுத் தொகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

வணக்கம்.

உத்திரத்தில் விரிசல் விழுந்தால் அந்த இடத்தில் விறைப்பு குறையும், கூடவே உத்திரத்தின் இயல்பு அதிர்வெண்ணும், அதாவது தட்டிவிட்டால் அது நொடிக்கு எத்தனை முறை தானாக அதிரும் என்ற எண்ணும், இறங்கும். ஒரே உத்திரம் பல வடிவங்களில் வளைந்து அதிரும்; எந்த வடிவில் அதிர்வெண் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட்டால் விரிசல் எங்கே என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். கௌலி, ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1979-இலேயே இதைச் செய்து காட்டினார்கள். கணக்கு சரிதான், சிக்கல் அளவீட்டில் இருக்கிறது.

1993-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், இடிக்கப்படவிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தின் எஃகு உத்திரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி அதிர்வை அளந்தார்கள். அடிப்பட்டை முழுவதும் அறுபட்ட கடைசிக் கட்டத்தில்தான் அதிர்வெண் கண்ணில் படும்படி இறங்கியது. சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலத்திலோ, உறைபனிக் குளிரில் சாலையின் தார்ப்பரப்பு இறுகி அதிர்வெண் ஏறியது. இப்படி வெப்பநிலையே அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும்போது சிறு விரிசலின் தடம் எளிதில் மறைந்துவிடும்.

அந்தச் சிறு விரிசலுக்கு, உத்திரத்துக்குள் அலையை அனுப்பி எதிரொலியைக் கவனிக்கும் அலை முறை கைகொடுக்கும். எஃகு உத்திரத்தில் நீளவாட்டில் செல்லும் அலை நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும். 2 மீட்டர் தள்ளியிருக்கும் விரிசலில் பட்டு 0.8 மில்லி நொடியில் திரும்பிவிடும். ஆனால் போல்ட், வெல்டிங், உத்திரத்தின் முனை எல்லாமே எதிரொலிக்கும். அவற்றிலிருந்து விரிசலைப் பிரித்தறிய, அதே உத்திரம் நலமாக இருந்தபோது எடுத்த பதிவு பேருதவியாக இருக்கும். பழைய கட்டடங்களில் அது அநேகமாகக் கிடைப்பதே இல்லை.

அதனால்தான் இந்தத் தொகுப்பு. எஃகு, கான்கிரீட் உத்திரங்களை முழு நலத்தோடு அளக்கத் தொடங்கி, விரிசல் வளர வளர, வெவ்வேறு வெப்பநிலைகளில் திரும்பத் திரும்ப அளந்து, மூலப் பதிவுகளை அப்படியே எல்லோருக்கும் இலவசமாகத் தர இருக்கிறோம். எஃகில் விரிசலை ரம்பத்தால் அறுக்காமல், சுமையை மாறி மாறி ஏற்றி இறக்கியே உண்டாக்குவோம். இதில் குழு விட்டுக்கொடுக்காது. அறுத்த பிளவு எப்போதும் திறந்தே இருக்கும். உண்மையான விரிசலோ ஒவ்வொரு அதிர்விலும் திறந்து மூடும். அந்த மூடலில் பிறக்கும், மூல அதிர்வைப் போல இரு மடங்கான அதிர்வெண்தான் பல புதிய முறைகளுக்கு ஆதாரம். அறுத்த உத்திரத்தில் சோதித்த முறையை நம்பி ஒரு பாலத்துக்குச் சான்று கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்படி விரிசலை வளர்ப்பதற்கு லட்சக்கணக்கான சுமைச் சுற்றுகள் தேவைப்படலாம். பணத்தில் பெரும்பகுதி இயந்திர வாடகைக்கே போகும். அப்புறம் அதிர்வு சென்சார்கள், அலை அனுப்பிப் பெறும் பீசோ வில்லைகள், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அறை ஆகியவற்றுக்குச் செலவாகும்.

தொகை எவ்வளவு சிறியதானாலும் அனுப்புங்கள். கட்டடம் இடிக்கும் பணியில் இருப்பவர்கள் முழு உத்திரம் ஒன்றைத் தந்தாலும் போதும். முடிந்தால், கழற்றும் முன் அளக்க ஒரு நாள் அனுமதி கொடுங்கள். சென்சார்களை இரவல் தருவோருக்குப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

வரவு செலவுக் கணக்கைப் பதிவுகளோடு சேர்த்தே வெளியிடுவோம். நன்கொடை அனுப்பும் விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்