புதுக் கோழிகளைத் தோட்டத்துக்குள் அவசரப்பட்டு விட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டம் பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன், கோழி வளர்ப்பு பற்றி எழுதினாலும் படிக்கிறேன். ஆனால் இரண்டும் எப்போதும் தனித்தனியாகத்தான் வருகின்றன. ஒரே வீட்டில் காய்கறிப் பாத்தியும் வைத்துக்கொண்டு, இலையுதிர் காலத் தொடக்கத்தில் நாலைந்து புதுக் கோழிகளையும் வாங்கி வந்தவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவார் யாரும் இல்லை. பலர் அன்றைக்கே கூடையைத் திறந்து தோட்டத்துக்குள் விட்டுவிடுகிறார்கள், "புழுவைத் தின்னும், உரமும் போடும்" என்று. இரண்டுமே உண்மைதான். ஆனால் இந்தப் பருவத்தில் தோட்டம் பாதிதான் முடிந்திருக்கும்: தக்காளியும் பூசணியும் கடைசிக் காய்ப்பில் இருக்கும், பக்கத்துப் பாத்தியில் கீரையும் முள்ளங்கியும் அப்போதுதான் முளை விட்டிருக்கும். கிளறுவது கோழியின் பிறவிக் குணம், அதை யாராலும் மாற்ற முடியாது. ஒரு மத்தியானம் போதும், நாற்றங்கால் இருந்த இடமே தெரியாது.

தோட்டத்தைவிடப் பெரிய விஷயம் கோழியின் உடல்நலம். ஏற்கெனவே கோழி இருக்கும் வீட்டில் புதிதாக வந்தவற்றைக் குறைந்தது 30 நாளாவது தள்ளி வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூச்சில் கரகரப்பு, கண்ணில் நீர், பின்புறத் துவாரத்தைச் சுற்றி இறகுக்கு அடியில் செள், பேன் இருக்கிறதா என்று பார்க்கலாம். தீவனம் வைக்கும்போது முதலில் பழைய கோழிகள், அப்புறம்தான் புதியவை. செருப்பும் வாளியும் தனியாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகும் நேராகச் சேர்த்துவிடாமல், நடுவில் கம்பி வலை வைத்து ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க விட்டால் கொத்துச் சண்டை வெகுவாகக் குறையும். தீனித் தட்டும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இளசுகளைப் பழைய கோழிகள் அண்ட விடாது.

இந்த மாதங்களில் இன்னொரு குழப்பமும் வரும். பகல் குறையக் குறைய, ஒரு வயதைத் தாண்டிய கோழிகள் இறகை உதிர்த்துவிட்டு முட்டையையும் நிறுத்திவிடும். புதுக் கோழி நோயைக் கொண்டுவந்துவிட்டது என்று பயந்து கண்ட மருந்தையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பாவம் அந்தக் கோழிகள். இறகில் பெரும்பகுதி புரதம், அதனால் அப்போது அவற்றுக்குத் தேவை புரதம் கூடுதலான தீவனமும் தொந்தரவில்லாத இடமும்தான். இளம் பெட்டைகளோ ஏறக்குறைய 18 முதல் 22 வாரத்தில் முட்டைக்கு வரும், வசந்தத்தில் பொரித்தவை என்றால் சரியாக இந்த நேரம்தான். அதுவரை முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், முட்டையிடாத கோழிக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லா வயதும் கலந்திருந்தால் வளரும் கோழிக்கான தீவனத்தைப் பொதுவாக வைத்துவிட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதும், தேவைப்படுவது தானே எடுத்துக்கொள்ளும்.

எச்சத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதம் எழுதவே அதுதான் காரணம். பச்சைக் கோழி எச்சத்தை அள்ளிச் செடியடியில் போடுவதை நல்ல காரியம் என்றே பலரும் நம்புகிறார்கள். அதில் தழைச்சத்து அவ்வளவு காரமாக இருப்பதால் வேர் கருகும். அதோடு சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் இருக்கலாம். பச்சை எச்சம் போட்ட மண்ணைத் தொட்டு வளரும் கீரை, கேரட், முள்ளங்கி போன்றவற்றைப் பறிக்க 120 நாளாவது இடைவெளி வேண்டும், மண் படாமல் உயரத்தில் காய்ப்பவற்றுக்கு 90 நாள். இப்போது காய்த்துக்கொண்டிருக்கும் பாத்திக்கு அது எப்படிச் சரிவரும்? ஆனால் அறுவடை முடிந்து காலியான பாத்திக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது, குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் மக்க நேரம் இருக்கிறது. மக்கு உரமாகவே செய்வதென்றால் இலை உதிரும் இந்த நேரம் ஒரு வரம். எச்சம் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு என்று கலந்து, கையில் பிழிந்தால் ஈரம் தெரியும் அளவுக்கு நீர் தெளித்துக் குவித்தால் உள்ளே சூடேறும். அந்தச் சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டி நாள்கணக்கில் நிற்க வேண்டும், ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி பல தடவை புரட்டிப் போடவும் வேண்டும். அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் இலை போதவில்லை என்று அர்த்தம்.

காலியான பாத்தியில் தனிமை முடிந்த கோழிகளைத் தாராளமாக விடலாம். மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கப் போகிற கூட்டுப்புழுக்களையும் களை விதைகளையும் அவை பொறுக்குவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். விடுவதற்கு முன் பச்சை ஏறிய உருளைக்கிழங்கு, உருளைத்தழை, வேகவைக்காத காய்ந்த பீன்ஸ் விதை இவற்றை எடுத்துவிடுங்கள். நத்தைக்குப் போடும் மெட்டால்டிஹைடு மருந்துக் குருணை கிடந்த இடத்தில் விடவே வேண்டாம், அது கோழியைக் கொல்லும். வலசைப் பறவைகள் போகும் காலம் என்பதால் பறவைக் காய்ச்சல் பயமும் உண்டு, தீனியும் தண்ணீரும் கூரைக்கு அடியிலேயே இருக்கட்டும். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் கண்டிப்பாக இருங்கள்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இலையுதிர் காலத்தில் என்ன விதைக்கலாம் என்று அட்டவணை போடும்போது, கோழி வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தியையும் சேர்த்துப் போடுங்கள். எந்தப் பாத்தியில் எப்போது எச்சம் சேர்க்கலாம், அங்கே எதை எப்போது பறிக்கலாம் என்ற நாள்கணக்கு மட்டும் இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்