தோப்புப் பாதைக்கு சிமெண்ட் வேண்டாம், தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்

கடலோர ஊராட்சிகளை நடத்துகிற நிர்வாகத்தாருக்கும், கிராம சபையில் உட்கார்ந்து தீர்மானம் போடுகிற எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் பெரியபட்டினம், சேதுக்கரை பக்கம் தொடங்கி ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை கடற்கரையை ஒட்டித் தோப்புகளுக்குள் போகிற மண் பாதைகளைப் பற்றி எழுதுகிறேன். புல வரைபடத்தில் வண்டிப் பாதை என்று இருக்கும். நேரில் போனால் இரண்டு சக்கரத் தடமும் நடுவில் புல்லும்தான். இந்தப் பாதைகளுக்கு சிமெண்ட் ரோடு போட்டுத் தருகிறோம், பேவர் பிளாக் பதித்துத் தருகிறோம் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது வேண்டாம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், வேறு வேலை இருக்கிறது.

நான் தென்னையும் பனையும் கலந்த ஒரு சின்னத் தோப்பு வைத்திருப்பவன். வீட்டில் ஒரு மினி டிராக்டர், அதற்கு ஒரு டிரெய்லர். பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலர் குட்டி யானை வைத்திருக்கிறார்கள், சிலர் லோடு ஆட்டோ. இந்தச் சின்ன வண்டிகள் இல்லாவிட்டால் இங்கே ஒரு வேலையும் நடக்காது. கிணறு உவரேறிப்போன தோப்புகளில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் சின்டெக்ஸ் டேங்கில்தான் போகிறது. வெட்டுக்கு வெட்டு தேங்காய் வெளியே வர வேண்டும். ஆட்டு எரு உள்ளே போக வேண்டும். காவோலை, மட்டை, வேலிக்கு முள், கரைவலைக்காரர்களின் வலை, ஐஸ் பெட்டி என்று ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் 108 வண்டி தார் ரோட்டு முனையில் நின்றுவிடும். அதுவரை கட்டிலோடு டிரெய்லரில்தான்.

இதில் எதுவும் ஒரு மணி நேரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. பதநீர் அப்படி இல்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் இறக்கிய பிறகு வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும். புளித்த பதநீரை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி சரியாக உறையாது, பிசுபிசுவென்றுதான் நிற்கும். மரத்தடியிலிருந்து காய்ச்சுகிற கொட்டகைக்குப் போகிற வழியில் டிராக்டர் மணலில் புதைந்து நின்றால், பனையேறி விடியலிலிருந்து பாடுபட்டதெல்லாம் வீண். சாயல்குடி கருப்பட்டி என்று பெருமையாகப் பேசுகிறோம். அதன் தரத்தில் பாதையின் பங்கும் இருக்கிறது.

சரி, பாதை எதனால் கெடுகிறது? சக்கரத்தால் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். தண்ணீரால் என்பது என் கட்சி. சக்கரம் தடம் போடுகிறது, அவ்வளவுதான். மழை பெய்ததும் அந்தத் தடம் வாய்க்காலாகிவிடுகிறது. பெரிய மழை வெறித்த மறுநாள் காலையில் பாதையில் நடந்து பாருங்கள். தடத்துக்குள் மணல் வரிவரியாக ஓடியிருக்கும், வளைவில் பனஞ்சருகு ஒதுங்கிக் கிடக்கும், கடைசியில் ஒரு பள்ளத்தில் மாவுபோல நைஸான மண் படிந்திருக்கும். பாதைக்குப் பிடிப்பு கொடுத்துக்கொண்டிருந்த களிமண் அதுதான். தண்ணீர் அதை மட்டும் அரித்துக்கொண்டு போய், வெறும் மணலைப் பாதையில் விட்டிருக்கிறது. அந்த மணல்தான் கோடையில் டயரை விழுங்குகிறது. நம் மாவட்டத்தில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு நாளை எந்தப் பாதையும் முழுசாகத் தாங்காது. ஆனால் நடுமேடு உள்ள பாதை, அதாவது தண்ணீர் இரண்டு ஓரமும் வடிகிற மாதிரி நடுவில் உயர்ந்த பாதை, இரண்டு நாளில் வண்டி போகிற நிலைக்கு வந்துவிடும். குழிந்து கிடக்கிற பாதையில் தை மாதம் வரை தண்ணீர் நிற்கும்.

நடுமேடு போடுவதற்கு ஜேசிபி தேவையில்லை. எங்கள் பக்கம் செய்கிற முறையைச் சொல்கிறேன். புயலில் விழுந்த பனை ஒன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்துகொள்ள வேண்டும். பனையின் நடுவில் மெத்தென்ற சோறுதான், வெளிப்பக்கம்தான் கெட்டியான வைரம். அந்தக் கறுத்த விளிம்பு மண்ணை நன்றாகச் சுரண்டும். பிளந்த தடியைச் சங்கிலியில் கட்டி டிராக்டருக்குப் பின்னால் இழுக்கிறோம். இரண்டு பக்கச் சங்கிலியும் ஒரே நீளத்தில் இருக்கக்கூடாது. ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. அப்போதுதான் தடி சாய்வாகப் போகும், ஓரத்தில் சேர்ந்த மண்ணை நடுவுக்குத் தள்ளும். போகும்போது ஒரு ஓரம், வரும்போது மறு ஓரம். தடி துள்ளாமல் இருக்க மேலே கல் வைக்கலாம். ஆளை மட்டும் ஏற்றாதீர்கள். சின்னப் பையன்களுக்கு அது ஒரு விளையாட்டு, சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த இழுவையை மழை விட்டு மண் ஈரமாக, ஆனால் டயரில் ஒட்டாத பதத்தில் இருக்கும்போது செய்ய வேண்டும். காய்ந்த பிறகு இழுத்தால் தூசிதான் கிளம்பும்.

இன்னொன்று. எங்கள் பாதைகளில் கடலுக்குப் பக்கத்தில் பொடிமணல், கொஞ்சம் உள்ளே வந்தால் களி. மணலில் வண்டி புதைகிறது, களியில் வழுக்குகிறது. ஒன்றுக்கு மருந்து மற்றொன்றில் கிடக்கிறது. களியில் கொஞ்சம் எடுத்து மணல் பகுதியில் கலந்தால் இறுகும். தோப்பு மேட்டு மணலில் கொஞ்சம் எடுத்துக் களிப் பகுதியில் பரப்பினால் பிடிப்பு வரும். எப்படியும் கலவையில் மணல்தான் கூடுதலாக இருக்க வேண்டும். களி மிஞ்சினால் மழைக்காலத்தில் யாரும் நிற்கக்கூட முடியாது. ஒரு மினி டிராக்டரும் நாலு ஆளும் மண்வெட்டியும் இருந்தால் நடக்கிற வேலை இது.

நடக்கிற வேலைதான், ஆனால் நடக்க விடுவதில்லை. கண்மாயிலிருந்து ஒரு டிரெய்லர் களி எடுக்கலாமா என்று ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன். வயலுக்கா, பாதைக்கா என்று கேட்டார்கள். பாதைக்கு என்று உண்மையைச் சொன்னதும், அதற்கு வழியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கண்மாய் வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுத்துக்கொள்ள 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தருகிற ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொதுப் பாதைக்குத் தனி ஆள் மண் அள்ளினால் நாளைக்கு இதே சாக்கில் டாரஸ் லாரி வந்து நிற்கும் என்ற பயம் அதிகாரிகளுக்கு இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ஊராட்சி தன் பெயரில், இந்தப் பாதைக்கு, இத்தனை லோடு என்று கேட்டு வாங்கினால் எங்கள் வண்டிகளில் நாங்கள் அள்ளிப் போட்டுக்கொள்வோம்.

அனுமதி கிடைக்காத இடத்தில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பழைய வீடு இடித்த சிதிலத்தைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டுகிறார்கள். அதில் ஆணி இருக்கிறது, உடைந்த டைல்ஸ் இருக்கிறது, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. டியூபுக்குக் கருவேல முள்ளே போதும், இது வேறா? ஆடு மாடுகளின் குளம்பும் கிழிகிறது. சிலர் கடற்கரை மணலை அள்ளி வருகிறார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிப்படி அது தடை. தடை இல்லாவிட்டாலும் உப்பு ஏறிய மணலைக் கொட்டினால் ஓரத்துக் கன்றுக்கும் கேடு, வண்டியின் அடித்தகட்டுக்கும் கேடு. ஒரு காலத்தில் பவளப்பாறைத் துண்டுகளையும் அள்ளிக் கொட்டினோம். 2001 முதல் பவளப்பாறைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. தொட்டால் ஜாமீன் கிடைப்பதே கஷ்டம். இதையெல்லாம் ஊராட்சி ஒரு பலகையில் எழுதிப் பாதை முனையில் நட்டுவைத்தால் நல்லது.

சிமெண்ட் ஏன் வேண்டாம் என்றால், பொடிமணலின் மேல் சிமெண்ட் பலகை நிற்காது. முதல் மழையில் ஓரத்து மணல் கரையும். இரண்டாவது வருஷம் பலகைக்கு அடியிலும் போய்விடும். விளிம்பு உடைந்து ஒரு முழ உயரத்துக்குத் திட்டு நிற்கும். எதிரே வண்டி வந்தால் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. மண் பாதை பழுதானால் பனந்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். உடைந்த கான்கிரீட்டை நாங்கள் என்ன செய்வது? அதைவிடப் பெரிய கெடுதல், அது ஒரு கரையாக மாறி தண்ணீரைத் தடுப்பது. மேல்பக்கத் தோப்பும் மிளகாய்க் கொல்லையும் குளமாகிவிடும். சேற்றில் நின்றால் குண்டு மிளகாய்ச் செடி இரண்டே நாளில் தலை சாய்த்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம், ரோடு போட அகலப்படுத்துவார்கள். ஓரத்தில் வரிசையாக நிற்கிற பனைகளின் வேர் அறுபடும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். வேரை அறுத்துவிட்டு அது தானாகச் சாய்ந்தது என்று எழுதிக்கொள்ள எந்த அனுமதியும் தேவைப்படுவதில்லை.

வண்டி ஓட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கிராம சபையில் நீங்களும்தான் உட்காருகிறீர்கள். மணலில் நின்றுவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் பனைமட்டை நாலைப் போட்டு, மெதுவாக எடுங்கள். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றடியுங்கள். எல்லா வண்டியும் ஒரே தடத்தில் போகாமல் ஒரு டயர் அகலம் தள்ளி ஓட்டினால் தடம் ஆழமாகாது. மழை பெய்த அன்றும் மறுநாளும் களிப் பகுதிக்குள் லோடு கொண்டுபோகாமல் இருந்தால் பாதி ரிப்பேர் மிச்சம். கீழக்கரையிலிருந்து தேங்காய் எடுக்க வருகிற வியாபாரி ஒருவர் மழைக்காலத்தில் லாரியை முனையிலேயே நிறுத்திவிட்டு, “காக்கா (அண்ணே), உங்க டிராக்டர்ல வெளியே கொண்டுவந்து குடுங்க, வாடகையை நான் தர்றேன்” என்று சொல்லிவிடுவார். அவரைப் போல எல்லாரும் இருந்தால் இந்த மடலில் பாதியை எழுதியிருக்க வேண்டாம்.

குடிநீர்க் குழாய் பதிக்க வருகிறவர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பாதையைக் குறுக்கே வெட்டிவிட்டு, மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் அது இறங்கிப் பள்ளமாகிறது. அடுக்கடுக்காக மண் போட்டு, தண்ணீர் ஊற்றி இடித்து, மேலே சற்று மேடாக விட்டுப் போனால்தான் பில் பாஸாகும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். வண்டிப் பாதையை அளந்து கல் நட்டுக் கொடுங்கள். அளக்காமல் பாதையில் மண்டிக் கிடக்கிற கருவேலத்தை வெட்டப் போனால் என் இடம், உன் இடம் என்று சண்டைதான் வருகிறது. அளந்த பிறகு கருவேலத்தைக் கரிமூட்டக்காரர்கள் வெட்டிக்கொள்ளட்டும், தூரை டிராக்டர் வைத்து நாங்கள் பிடுங்குகிறோம். மேலே மட்டும் கழித்தால் அடுத்த மழையில் இரண்டு மடங்காகத் தழைத்து வரும். இரண்டு ஓரமும் வடிகால் வெட்டுவது மண்வெட்டி வேலை, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் சேர்க்கலாம். அந்த மண்ணை நடுவில் போட்டாலே மேடு வந்துவிடும். வடிகால் போய்ச் சேர ஊரணி இருந்தால் நல்லது, ஆனால் குடிக்கிற ஊரணிக்குள் பாதைத் தண்ணீரை விட்டுவிடக் கூடாது. ஓடை குறுக்கிடுகிற இடத்தில் சிமெண்ட் குழாய் இறக்குங்கள். செலவு என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் அக்டோபர் 2 கிராம சபையில் பேசிப் பயனில்லை, வேலை தொடங்குவதற்குள் மழை இறங்கிவிடும். ஆகஸ்ட் 15 சபையிலேயே பொருளாக வைத்துத் தீர்மானம் போட்டால்தான் செப்டம்பருக்குள் வேலை முடியும். அதற்கு முன் ஒரு நாள் பாதையை நேரில் நடந்து பார்க்க வாருங்கள். டிராக்டர், சங்கிலி, பனந்தடி, டீசல் எல்லாம் எங்கள் பொறுப்பு. அளவையாளரையும் குழாயையும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடலோரத் தோப்புக்காரன் ஒருவன்